காலேஜ் ஃபீஸும் அம்மாவின் செயினும்

மே மாசம் வந்தால் எங்கள் தெருவில் எனக்குத் திடீரென்று மவுசு கூடிவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து யாராவது ஒரு அத்தையோ மதினியோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். "நீதான் காலேஜ் படிக்கிறேல்ல, இவளுக்கும் அந்த ஆன்லைன்ல போட்டுக் குடு பாப்பா." போட்டுக் கொடுப்பேன். 2025 மே மாசத்தில் மட்டும் 7 பேருக்குப் போட்டேன். (கூலி: ரெண்டு டீ, ஒரு பருத்திப்பால், மீதியெல்லாம் நன்றி.)

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மொத்தம் எவ்வளவு ஆகும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஈஸி. காலேஜ் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருக்கும். யாருமே கேட்காத கேள்வி "எப்போ ஆகும்?" என்பது. மூணு வருஷம் பி.காம் கட்டணம் கட்டியதில் நான் கண்டுபிடித்தது, இந்த ரெண்டாவது கேள்விதான் ஆளைச் சாய்க்கிறது என்பது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன். முன்கூட்டியே ஒரு டிஸ்கி: நான் கல்வி ஆலோசகர் எல்லாம் கிடையாது. மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிற ஒருத்தரின் மகள். காமர்ஸ் மாணவி. கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அப்ளிகேஷன். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஒரே இணையதளம்தான். நான் போட்ட 2023-ல் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். உலகத்திலேயே சல்லிசான விஷயம் இதுவாகத்தான் இருக்கும். பி.காமுக்கு ரேங்க் போடும்போது தமிழ், இங்கிலீஷ் மார்க்கை விட்டுவிட்டு மீதி நாலு பாடத்தை 400-க்குப் பார்ப்பார்கள். இது தெரியாமல் "என் பொண்ணு 600-க்கு 512" என்று சொல்லிக்கொண்டு வருகிற அத்தைகள் அதிகம். அந்த 512-ல் தமிழும் இங்கிலீஷும் 180-ஐத் தூக்கிக் கொடுத்திருந்தால் கவுன்சலிங்கில் கிடைக்கும் மரியாதை வேறு மாதிரி இருக்கும்.

அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. மற்ற சில்லறைக் கட்டணங்கள் மட்டும்தான். ஆகவே அங்கே சீட் கிடைத்தால் கேண்டீன் நல்லா இருக்குமா, கல்ச்சுரல்ஸ் உண்டா என்றெல்லாம் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள் என்பது என் கட்சி. பிரச்சினை என்னவென்றால் எல்லாரும் இதே கட்சி. பி.காம் சீட்தான் முதலில் தீர்ந்துபோகும். நான் போன அன்று காமர்ஸ் முடிந்து, "வரலாறு இருக்கு, எடுத்துக்கிறியாம்மா?" என்று கேட்டார்கள். வரலாறு மோசமான படிப்பு இல்லை. எனக்குக் கணக்குப்பதிவியல் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது தனியார் கல்லூரி. இங்கே ஒரு விஷயத்தைப் பலர் புரிந்துகொள்ளாமல் சேர்கிறார்கள். ஒரே கல்லூரி, ஒரே கேட், ஒரே பி.காம், ஒரே பல்கலைக்கழகச் சான்றிதழ். ஆனால் உள்ளே ரெண்டு உலகம். அரசு உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது, அதனால் நீங்கள் கட்டுவது வருஷத்துக்குச் சில ஆயிரம். சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் உங்கள் கட்டணத்திலிருந்துதான் போக வேண்டும், அதனால் அது பல மடங்கு. ஃபார்மில் இது ஒரு சின்னக் கட்டம். எய்டட், எஸ்.எஃப். என்று ரெண்டு பெட்டி. எந்தப் பெட்டியில் டிக் விழுகிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மூணு வருஷம் இருக்கிறது. எனக்கு எஸ்.எஃப். வருஷத்துக்கு 28,000 ரூபாய்.

இப்போது "எப்போ" என்கிற கேள்விக்கு வருவோம்.

செலக்‌ஷன் லிஸ்டில் பேர் வந்தது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் வெயிட்டிங் லிஸ்டில் அடுத்த ஆள். அப்பாவுக்குச் சம்பளம் வாரக்கூலி, சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். நல்ல வாரம் என்றால் 3,500. பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏற்றும் வரை தறி நின்ற வாரம் என்றால் 1,800 கூட வரும். வருஷம் முழுக்கக் கூட்டிப் பாருங்கள், ஒன்றரை லட்சம் வரை வருகிற குடும்பம். அதில் 28,000 என்பது பெரிய தொகைதான். ஆனால் வாரம் 540 ரூபாய் என்று கேட்டிருந்தால் அப்பா சிரித்துக்கொண்டே கட்டியிருப்பார். வாரக்கூலிக்காரரிடம் வருஷக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கை நாலு நாளில் கேட்டால் அவர் என்ன செய்வார்?

என்ன செய்வார் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஜூன் மாசம் பணம் புரட்ட நாலைந்து வழிகள் உண்டு. எல்லாவற்றையும் நான் அன்றைக்கு ராத்திரி ரஃப் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (படிப்பில் சேர்வதற்கு முன்பே முதல் ப்ராப்ளம் போட்டாச்சு.)

ஒன்று, முதலாளியிடம் முன்பணம். வட்டி கிடையாது. கேட்டால் உடனே கிடைக்கும். அதனால்தான் பலரும் முதலில் அங்கே போகிறார்கள். ஆனால் முன்பணம் அடைகிற வரை வேறு தறிக்குப் போக முடியாது, கூலி கூட்டிக் கேட்கவும் வாய் வராது. பக்கத்துத் தறியில் துண்டுக்கு ஒரு ரூபாய் அதிகம் என்று தெரிந்தாலும் இங்கேயே நிற்க வேண்டியதுதான். வட்டி இல்லை என்பது எவ்வளவு பெரிய வட்டி என்று அப்பாவுக்குத் தெரியும். "அது மட்டும் வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அடுத்தது ஏலச்சீட்டு. அம்மா 50,000 ரூபாய்ச் சீட்டு ஒன்று போட்டிருந்தார். 20 பேர், மாசம் 2,500. அந்த மாசம் எடுக்கலாம் என்று போனால், ஏலத்தில் 12,000 தள்ளி ஒருத்தர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதாவது 50,000 சீட்டுக்குக் கையில் 38,000. இதே சீட்டு முந்தின ஜனவரியில் ஐயாயிரம், ஆறாயிரம் தள்ளித்தான் போனது. ஏன் இந்த வித்தியாசம்? ஜூனில் தெருவில் எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், காலேஜ், நோட்டு, யூனிஃபார்ம். பணம் தேவைப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாசத்தில் ஏலத்தில் உட்கார்ந்தால் தள்ளு ஏறாமல் என்ன செய்யும்? தீபாவளிக்குப் பூ விலை ஏறுகிற மாதிரி, ஜூனில் பணத்தின் விலை ஏறுகிறது. எகனாமிக்ஸ் புத்தகத்தில் தேவை, அளிப்பு என்று கோடு போட்டுக் காட்டுவதை நான் சீட்டு வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிட்டேன்.

மூணாவது, குழுக் கடன். அம்மா இருக்கிற குழுவில் தொழில் தொடங்கத்தான் கடன் தருவார்கள். மகள் படிப்பு தொழில் ஆகாது. அதனால் ஃபார்மில் எல்லாரும் "கறவை மாடு" என்று எழுதுவார்கள். எங்கள் தெருவில் காகிதத்தில் இருக்கிற மாடுகள் அத்தனையும் பால் கறந்தால் ஆவினுக்கே நாங்கள்தான் சப்ளை! ஆனால் அந்தக் கடனுக்கு வாராவாரம் தவணை, ஒருத்தர் கட்டாவிட்டால் மற்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்து கட்ட வேண்டும். அம்மாவுக்கு அந்தக் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார மனசில்லை.

நாலாவது, கைமாற்று. ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் 2 ரூபாய். கேட்க அழகாக இருக்கும். 28,000-க்கு மாசம் 560. ஒன்பது மாசத்தில் 5,040. மூணு வட்டி என்றால் 7,560. வருஷக் கணக்கில் சொன்னால் முதலாவது 24 சதவீதம், ரெண்டாவது 36 சதவீதம். வட்டியை மாசக் கணக்கிலேயே சொல்லிப் பழக்கியவன் பெரிய புத்திசாலி.

ஐந்தாவது, கல்விக் கடன். படித்தவர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். "லோன் போட வேண்டியதுதானே?" விதிப்படி பார்த்தால் நல்ல திட்டம். 4 லட்சம் வரை நம் கையிலிருந்து எதுவும் போட வேண்டாம், சொத்து அடமானமும் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை ஆரம்பம். நானும் அப்பாவும் வியாழக்கிழமை காலையில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். மேலாளர் கோபக்காரர் எல்லாம் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "எந்தப் படிப்பும்மா?" "பி.காம் சார்." "எவ்வளவு?" "வருஷம் 28,000 சார்." கொஞ்ச நேரம் ஃபார்மைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சின்ன அமவுண்ட்டும்மா. ஆன்லைன்ல போட்டு, பேப்பர் எல்லாம் வந்து, சாங்ஷன் ஆக மாசமாகும். வீட்ல நகை இருந்தா நகைக்கடன் வாங்கிக்கங்களேன், இன்னைக்கே குடுத்துடலாம்."

அதே வங்கி. அதே மேலாளர். படிப்பை நம்பிக் கேட்டால் ஒரு மாசம், செயினை நம்பிக் கேட்டால் முக்கால் மணி நேரம்.

அவரைக் குறை சொல்லவில்லை. 84,000 ரூபாய்க் கடனுக்கும் 8 லட்சம் கடனுக்கும் அவருக்கு ஒரே அளவு பேப்பர் வேலைதான். வட்டி மானியம் தருகிற பழைய மத்தியத் திட்டமும் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான்; பி.காமுக்கு இல்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் படிப்பைப் பார்ப்பதில்லை, கல்லூரியைப் பார்க்கிறார்கள். தேசியத் தரவரிசையில் மேலே இருக்கும் நிறுவனங்களின் பட்டியலுக்குள் உங்கள் கல்லூரி இருந்து, நிர்வாக ஒதுக்கீடு இல்லாமல் மார்க்கில் சேர்ந்திருந்தால், பிணையில்லாக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இப்போது சேர்கிறவர்கள் தங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆக, கடைசியில் அம்மாவின் ரெண்டு பவுன் செயின். வெள்ளிக்கிழமை 28,000 வாங்கினோம். வட்டி வருஷத்துக்கு ஒன்பதரை சதவீதம். 2024 மார்ச்சில் திருப்பினோம். ஒன்பது மாசத்துக்கு வட்டி 2,000 ரூபாய்க்கு ஐந்து ரூபாய் குறைவு. எனவே என் முதல் வருஷக் கட்டணம் நோட்டீஸ் போர்டில் 28,000, எங்கள் வீட்டில் 30,000. இந்த வித்தியாசத்தை எந்தக் கல்லூரி புரோஷரிலும் பார்க்க முடியாது.

வட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒன்பது மாசமும் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு அம்மா போகவில்லை. "தலைவலி", "தறிக்காரருக்குச் சோறு பொங்கணும்", ஏதோ ஒரு காரணம். வெறும் கழுத்தோடு போனால் கேட்பார்களே. கேட்டால் என் பேரைச் சொல்ல வேண்டியிருக்குமே. இந்தச் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, உதவித்தொகைகள். இதில் வதந்திகள் அதிகம். முதல் வதந்தி: "முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கிட்டா ஃபீஸே கிடையாதாம்ல?" அது பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்கிறவர்களுக்கு. பி.காமுக்கு அதை வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

ரெண்டாவது வதந்தி, மத்திய அரசின் 12,000 ரூபாய் உதவித்தொகைக்கு "80 சதவீத மார்க் வேணும்" என்பது. இல்லை! 80 பெர்சன்டைல். சதவீதம் என்பது நீங்கள் 100-க்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்பது. பெர்சன்டைல் என்பது 100 பேரில் எத்தனை பேரை முந்தினீர்கள் என்பது. போர்டு தேர்வில் மேலே இருக்கிற 20 சதவீதத்துக்குள் நீங்கள் இருக்க வேண்டும். எல்லாரும் அள்ளிக்கொண்டு போகிற வருஷத்தில் 85 சதவீதம் வாங்கியும் வெளியே நிற்கலாம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குக் கிடையாது என்பதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்குக் கிடைத்தது புதுமைப் பெண். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய திட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில். 2024-25-லிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. மூணு வருஷத்துக்கு 36,000. என் மொத்தக் கட்டணம் 84,000-ல் இது கிட்டத்தட்ட 43 சதவீதம். சின்ன விஷயமா? ஆனால் காலேஜில் சேர்ந்து, கல்லூரி மூலமாகப் பதிந்து, சரிபார்த்த பிறகு வருகிற பணம் இது. சேர்கிற சனிக்கிழமைக்கு உதவாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "எவ்வளவு" என்கிற கேள்விக்குத் திட்டம் இருக்கிறது, "எப்போ" என்கிற கேள்விக்குச் செயின்தான் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு தோழி. எட்டாவது வரை மெட்ரிக் பள்ளி. 2020 கொரோனாவில் அவள் அப்பாவின் ஹோட்டல் மூடியதும் அரசுப் பள்ளிக்கு மாறியவள். இன்றைக்கு அவள் வீடு என் வீட்டைவிடக் கஷ்டத்தில் இருக்கிறது. ஆனால் 6, 7, 8 வகுப்புகளை அரசுப் பள்ளியில் படிக்காததால் அவளுக்கு அந்த ஆயிரம் இல்லை. வசதி இருந்த காலத்துச் சான்றிதழ் வசதி போன பிறகும் கூடவே வருகிறது. விதி என்று ஒன்று போட்டால் கோடு எங்காவது விழத்தான் செய்யும், புரிகிறது. ஆனால் மாசா மாசம் என் போனில் மெசேஜ் வரும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொரு தோழிக்கு நேர்ந்தது காமெடி. உதவித்தொகை "வரவு வைக்கப்பட்டது" என்று தளம் சொல்கிறது, பாஸ்புக்கில் ஒன்றுமில்லை. ஏழு மாசம் அலைந்தாள். விஷயம் என்னவென்றால், இந்தப் பணம் எல்லாம் ஃபார்மில் நாம் எழுதுகிற அக்கவுண்ட் நம்பருக்கு வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அங்கே போய் விழும். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஜீரோ பேலன்ஸில் திறந்து கொடுத்த பழைய கணக்கில் மொத்தமும் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏழு மாசமும் அவள் அம்மா வெளியே வட்டி கட்டிக்கொண்டிருந்தார். பேங்கில் போய் "ஆதார் லிங்க் ஆயிருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "என்பிசிஐ மேப்பிங் எந்த அக்கவுண்ட்ல இருக்கு?" என்று கேளுங்கள். இந்த முழு எழுத்தில் இந்த ஒரு வரியை மட்டும் யாராவது பயன்படுத்தினாலும் எனக்குச் சந்தோஷம்.

2023 நவம்பரிலிருந்து நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறேன். காலேஜ் ஒன்றரைக்கு முடியும், மூணு மணிக்கு ஆபீஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாசத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு சைபர். மாசம் 4,000. டேலியில் பில் ஏற்றுவது, 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ஆர்-1, 20-க்குள் 3பி. அங்கே வருகிற வியாபாரிகள் பாதிப் பேர் இதே புலம்பல்தான்: "சார், கணக்குல லாபம் காட்டுது, கையில காசில்ல." சரக்கு விற்றாச்சு, பணம் தொண்ணூறு நாள் கழித்து வரும், வரியோ 20-ஆம் தேதி கட்ட வேண்டும். ஆடிட்டர் சார் அவர்களிடம் சொல்வது: "கடன்காரன்கிட்ட முடியாதுன்னு சொல்லாதீங்க. தேதி சொல்லுங்க. தேதி சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டான்."

இதைக் கேட்டுக்கொண்டே டேலியில் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் பொறி தட்டியது. நம் வீடும் அதே கேஸ்தானே?

2024 ஜூனில், ரெண்டாம் வருஷக் கட்டணத்துக்கு நோட்டீஸ் வருவதற்கு முன்பே, முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொதுவாக இந்தக் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "என் தந்தை கூலித் தொழிலாளி, குடும்பம் வறுமையில்..." என்று தொடங்கி "கருணை கூர்ந்து" என்று முடியும். எனக்கு அப்படி எழுத வரவில்லை. அப்பாவும் அதைப் படித்தால் வருத்தப்படுவார். நான் எழுதியது ஐந்தே வரி. மொத்தம் 28,000. ஜூன் 20-ல் 10,000. செப்டம்பர் 10-ல் 9,000. டிசம்பர் 10-ல் 9,000. ஒவ்வொன்றும் எந்தப் பணத்திலிருந்து வரும் என்று பக்கத்திலேயே குறித்திருந்தேன்: ஆர்.டி., சம்பளம், புதுமைப் பெண். சம்பளத்துக்கு ஆடிட்டர் சாரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கி இணைத்தேன்.

முதல்வர் மேடம் ரெண்டு தடவை படித்தார். டிசம்பர் 10 என்பதை அடித்துவிட்டு அக்டோபர் 25 என்று எழுதினார். "செமஸ்டர் ஹால் டிக்கெட்டுக்கு முன்னாடி முடிச்சிரும்மா" என்றார். பச்சை மையில் கையெழுத்து. மொத்தம் நாலு நிமிஷம். தவணையில் கட்டலாம் என்று நோட்டீஸ் போர்டில் எங்கேயும் இல்லை. கேட்டவர்களுக்கு மட்டும் இருக்கிற வசதி அது. கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது இதில் உள்ள விசேஷம்.

அக்டோபர் 25 கொஞ்சம் நெருக்கிவிட்டது. என் கையில் 4,000 இருந்தது. மீதி 5,000-க்கு அப்பாவின் தீபாவளி போனஸ் கை கொடுத்தது. அக்டோபர் 31 தீபாவளி. அந்தத் தீபாவளிக்குத் தம்பிக்கு மட்டும் புதுச் சட்டை. ஆனால் செயின் அந்த வருஷம் முழுக்க அம்மா கழுத்திலேயே இருந்தது. தை மாசத்தில் மூணு கல்யாணத்துக்குப் போனார். மூணிலும் போட்டோவில் முன்வரிசை.

மூணாம் வருஷத்துக்கு எல்லாம் சரியாகப் போகும் என்று நினைத்தேன். ஏப்ரலில் அப்பத்தா விழுந்து இடுப்பில் அடி. ஆர்.டி.யை உடைத்தோம். ஆக 2025 ஜூனில் முதல் தவணை 10,000-க்கு மறுபடி செயின். ஆனால் 28,000-க்கு இல்லை, 10,000-க்கு. ஒன்பது மாசத்துக்கு இல்லை, மூணு மாசத்துக்கு. வட்டி 240 ரூபாய்கூட வரவில்லை. கூட வந்த அம்மாதான் பேங்க் வாசலில் கவலைப்பட்டார். 2023-ல் அடகு வைத்தபோது பவுன் 45,000-ஐ ஒட்டி இருந்தது, 2025 ஜூனில் 70,000-க்கு மேல். "விலை ஏறுனா நமக்கு நல்லதுதானம்மா, கூடக் கடன் கிடைக்கும்" என்றேன். "ஆமா, முழுகிப்போச்சுன்னா திரும்ப வாங்க முடியுமாடி?" என்றார். காமர்ஸ் படிக்காதவரின் ரிஸ்க் அனாலிசிஸ் அது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே திருப்பிவிட்டோம்.

எங்கள் பிரிவில் இப்போது அந்தக் கடிதத்தின் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜூனியர் பசங்க ஜெராக்ஸ் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்களாம். ஒருத்தன் என் ஆடிட்டர் கையெழுத்தையும் சேர்த்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து மாட்டிக்கொண்டான். தம்பிகளே, தேதிகளையாவது சொந்தமாகப் போடுங்கள். உங்கள் அப்பாவுக்குச் சம்பளம் என்றைக்கு வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு அடுத்தது சி.ஏ. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். ரெண்டு குரூப்புக்கும் சேர்த்துப் பதிவுக் கட்டணம் 18,000-க்கு மேல். அங்கே தவணை கிடையாது, மொத்தமாகக் கட்ட வேண்டும். அதற்குச் செப்டம்பரிலேயே தனியாக ஒரு ஆர்.டி. ஆரம்பித்துவிட்டேன். மாசம் 2,300.